அலோர் காஜா தோட்டப்புற ஓடைகளும் நன்னீர் மீன்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலாக்கா மாநிலத்தின் மூன்று மாவட்டங்களுள் ஒன்றாகிய அலோர் காஜாவின் பெயரிலேயே நீர் இடம்பெற்றுள்ளது. மலாய் மொழியில் 'அலூர்' என்பது நீர் அரித்தோடிய பள்ளத்தையும் சிற்றோடையையும் குறிக்கும். 'காஜா' என்பது கஜம் என்னும் வடசொல்லின் மலாய் வடிவமாகும். யானைகள் நடந்து நடந்து பள்ளமான தடம் என்று ஊரார் விளக்கம் கூறுவர். நம் தோட்டப்புறத் தமிழில் கால்வாயைச் சுட்ட வழங்கும் 'அல்லூர்' என்ற சொல்லும் இம்மலாய்ச் சொல்லின் திரிபே எனக் கருத இடமுண்டு. மாவட்டத்தின் முக்கிம் பெயர்களை நோக்கின் சுங்கை பாரு, சுங்கை பெத்தாய், சுங்கை சிப்புட், சுங்கை பூலோ, ஆயர் பாபாஸ், பாரிட் மெலானா, கோலா லிங்கி என ஆறும் நீரும் கால்வாயும் கழிமுகமும் அடுத்தடுத்து வருகின்றன. நிலத்தை நீரோட்டத்தைக் கொண்டே அடையாளங்கண்ட மக்கள் இட்ட பெயர்கள் இவை.

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் இந்நீரோட்டங்களின்மேல் அதிகக் கவனம் செலுத்தினர் என்று சொல்வதற்கில்லை. கெர்னியல் சிங் சந்து (1969), சி. அரசரத்தினம் (1970), ஆர். கே. ஜெயின் (1970) ஆகியோரின் நூல்கள் குடியேற்றம், கூலி, சாதி, சங்கம், கோயில் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்தன. இவ்வாய்வுகளில் தோட்டம் என்பது லயன் வீடும் நிரையும் ஸ்டோரும் ஆகும். லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடை அவர்தம் கேள்விகளுக்குள் வரவில்லை. இது குறைகூறல் அன்று. லண்டனில் முனைவர் பட்ட ஆய்வுக்காக நீரிணைக் குடியேற்றங்களின் கோப்புகளை மாதக் கணக்கில் புரட்டியபோது யானும் ஓடைகளைத் தேடவில்லை. இறப்புக் கணக்குகளைத்தான் தேடினேன். ஆயினும் இறப்பைத் தேடிச் சென்ற இடத்தில் ஓடை எதிர்ப்பட்டது. அந்த எதிர்பாராச் சந்திப்பே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

நன்னீர் மீன்களின் அழிவைப் பற்றி உயிரியலார் எழுதும்போது பொதுவாக இன்றைய நிலையிலிருந்து தொடங்குவர். அலோர் காஜா போன்ற ஒரு தோட்டப்புற மாவட்டத்தில் அவ்வழிவு எப்பொழுது, யாருடைய நலத்தின் பெயரால், யாருடைய கையால் நிகழ்ந்தது என்பதை வரலாற்று நோக்கில் காண இக்கட்டுரை முற்படுகிறது.

ரப்பருக்கு முன்

அலோர் காஜாவின் பெரும்பகுதி பண்டைய நானிங் நாட்டுக்கு உட்பட்டது. பத்திலொரு பங்கு வரி கேட்ட ஆங்கிலேயக் கம்பெனிக்கும் நானிங் தலைவர் டோல் சாயிட்டுக்கும் 1831-1832ஆம் ஆண்டுகளில் போர் மூண்டது. மதராஸ் சிப்பாய்ப் படைப்பிரிவுகள் இப்போரில் ஈடுபடுத்தப்பட்டன. ஆகவே இம்மாவட்டத்தின் சதுப்புகளையும் ஓடைகளையும் தென்னிந்தியர் கால்நடையாகக் கடந்தது ரப்பர்க் காலத்துக்கு அறுபதாண்டுகள் முந்தியே நிகழ்ந்துவிட்டது. அன்று இப்பகுதி பள்ளங்களில் நெல்லும் மேடுகளில் பழத்தோப்பும் காடுமாக இருந்தது. நெல்வயல், சதுப்பு, ஓடை, ஆறு என்னும் நான்கும் ஒரே நீர்த்தொடராக இணைந்திருந்தமையால் மழைக்காலத்தில் மீன்கள் வயலேறி முட்டையிட்டு நீர் வடியும்போது ஓடைக்குத் திரும்பின. காவிரிக் கரையிலும் வைகைக் கரையிலும் பிறந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று.

முதல் பெருஞ்சிதைவைக் கொணர்ந்தது ரப்பர் அன்று, மரவள்ளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலாக்காவின் உள்நாட்டுப் பகுதிகளில் சீன முதலாளிகள் காடழித்து மரவள்ளி பயிரிட்டனர். சில விளைச்சல்களில் மண் வளம் குன்றியதும் நிலத்தை லாலாங் புல்லுக்கு விட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்வது வழக்கம். கிழங்கை அரைத்து மாவைப் பிரிக்கும் ஆலைகளுக்கு நிறைய நீர் தேவைப்பட்டமையால் அவை ஓடைக்கரைகளிலேயே அமைந்தன. ஆலைக்கழிவும் மேட்டுமண்ணும் ஓடையில் சேர்ந்தன. இந்நிலத்தின் மீதே ரப்பர் வந்தது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டு, பின்னர் புக்கிட் அசகானில் அதனைப் பெருமளவில் விரிவாக்கினார். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக்கிய முதல் முயற்சி இதுவென வரலாற்றாசிரியர் கூறுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலோர் காஜாவின் மேடுகளிலும் பால்மரம் பரவிற்று. தமிழரும் அதன்பின் வந்தனர்.

ஓடை பகையான காலம்

இவ்விடத்தில் சற்று நின்று நோக்க வேண்டியுள்ளது. மலாயாத் தோட்டங்களில் ஓடைகள் முதன்முதலாகத் திட்டமிட்டு அழிக்கப்பட்டது ஆலைக்கழிவால் அன்று. தமிழ்த் தொழிலாளியின் உயிரைக் காக்கும் பொருட்டு அது நடந்தது.

கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் நிறுவினார். அவ்வறிவைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன். கரையோரச் சமநிலத்தில் நிழலடர்ந்த சதுப்பில் பெருகும் கொசுவே நோய் பரப்பியது. அங்குக் காட்டை வெட்டிச் சதுப்பை வடித்ததும் காய்ச்சல் தணிந்தது. அதே முறையை மேட்டுநிலத் தோட்டங்களில் பின்பற்றியபோது விளைவு நேர்மாறாயிற்று; காடு வெட்ட வெட்டக் காய்ச்சல் பெருகியது. இதற்குக் காரணமான அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் என்னும் கொசு தேங்கிய அழுக்கு நீரை நாடுவதன்று. வெயில் படும் தெளிந்த ஊற்றிலும் ஓடையிலுமே அது முட்டையிடும். காட்டின் நிழலில் ஓடிய ஓடை அதற்கு ஏற்றதன்று. மரத்தை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டபோது தோட்டமே அதற்குத் தொட்டில் ஆயிற்று. மலாக்காவின் உள்நாட்டு மேட்டுநிலம் இவ்வகையைச் சார்ந்ததே. தென்னிந்தியாவிலிருந்து வந்திறங்கிய தொழிலாளரை முதலாண்டிலேயே வாரிக்கொண்டு போன காய்ச்சலுக்குப் பின்னால் இருந்தது தெளிந்த நீரோடையாகும்.

ஆகவே நிருவாகம் ஓடையின்மேல் போர் தொடுத்தது. ஊற்றுகளையும் சிற்றோடைகளையும் மண்குழாய்களில் இறக்கி நிலத்துக்கடியில் ஓடவிட்டனர். புதைக்க இயலாதவற்றைக் கரையெடுத்து நேராக்கினர். வாரந்தோறும் நீர்மேல் எண்ணெய் தெளித்தனர். சில இடங்களில் நீரைச் சிற்றணையில் தேக்கி ஒரேயடியாகத் திறந்துவிட்டுக் கொசுப்புழுக்களை அடித்துச் செல்லும் முறையும் கையாளப்பட்டது. எண்ணெய்ப் படலம் கொசுப்புழுவை மட்டும் தேர்ந்து கொல்வதன்று. நீர்ப்பரப்பில் விழும் பூச்சியை உண்டு வாழும் சிறுமீன்களின் உணவும் அதனோடு போயிற்று. கொசுப்புழுவைத் தின்று வந்த 'கெப்பாலா தீமா' போன்ற மீன்களுக்கும் அந்நீரில் இடமில்லாது போனது ஒரு முரண்.

எண்ணெய் தெளித்த கைகளும் தமிழ்க் கைகளே. தோளில் எண்ணெய்த் தகரத்துடன் அல்லூர் அல்லூராக நடப்பது தோட்டங்களில் தனியொரு வேலையாக இருந்தது. இன்று ஓடைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் ஒருவர் இச்செயலைச் சூழலழிப்பு என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. அவ்வெண்ணெயினால் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளே நாம். அதே வேளையில், காட்டை அவ்வாறு வெட்டியிராவிடில் அவ்வோடை கொலைகாரனாக மாறியிராது என்பதையும் மறக்கவியலாது. வாட்சனின் எழுத்துகளிலேயே இவ்வுண்மை பொதிந்து கிடக்கிறது. தோட்ட முதலாளிகள் அதனைப் படித்து எடுத்துக்கொண்டது குழாயையும் எண்ணெயையும் மட்டுமே.

பெயருள்ள மீனும் பெயரில்லா மீனும்

தோட்டத்துத் தமிழர் மீன்களை எவ்வாறு அழைத்தனர் என்பது மொழியியலாருக்கு மட்டுமன்றி வரலாற்றாசிரியருக்கும் பயன்படும் சான்றாகும்.

மலாய்க்காரர் 'ஹாருவான்' என்னும் மீனைத் தமிழர் கண்டதும் விரால் என்றனர். அது சரியே, இரண்டும் ஒரே மீன். 'கெலி'யைக் கெளுத்தி என்றனர். மீசையுள்ள மீனெல்லாம் கெளுத்தி என்னும் பொதுவழக்கு இதற்கு இடந்தந்தது. தமிழ்நாட்டில் பனையேறிக் கெண்டை எனப்படும் மீனுக்கு உறவானதே இங்குள்ள 'புயூ'. பிள்ளைப் பெற்றவளுக்கு விரால் குழம்பு கொடுப்பதும், அறுவை மருத்துவம் முடிந்தவருக்கு ஹாருவான் சாறு கொடுப்பதும் தமிழர், மலாய்க்காரர் இருவரிடமும் ஒத்துக் காணப்படும் வழக்கங்கள். இம்மீன்கள் கடல் கடந்து வந்தவனுக்கு ஊரை நினைவூட்டின.

ஆனால் ஓடும் நீரில் வாழும் மீன்களுக்குத் தமிழ்ப்பெயர் அமையவில்லை. செலுவாங், தெர்புல், செபாராவ், பாவுங், லம்பாம் ஆகியவை மலாய்ப் பெயராகவே வழங்கின. அல்லது 'பொடி மீன்', 'வெள்ளை மீன்' என்று மொத்தமாகச் சொல்லப்பட்டன. தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தவர் வயலும் ஏரியும் அறிந்தவர். நிழலில் ஓடும் காட்டோடையின் மீன்கள் அவருக்கு அயலானவை.

இப்பெயர்ப்பட்டியலை உயிரியலோடு வைத்து நோக்கும்போது ஒரு செய்தி புலப்படுகிறது. தமிழ்ப்பெயர் பெற்ற விரால், கெளுத்தி, பனையேறி மூன்றும் செவுளோடு துணைச் சுவாச உறுப்பும் கொண்டு காற்றை நேரே மூச்சிழுக்க வல்லவை. நீரில் உயிர்வளி குன்றினும் அவை சாவதில்லை. சேற்றிலும் சாக்கடையிலும் பிழைத்துக்கொள்ளும். பெயர் பெறாத ஓடைமீன்கள் பலவற்றுக்கு இவ்வாற்றல் இல்லை. ஓடை நிழலிழந்து வெப்பமேறினாலோ, கழிவு கலந்து உயிர்வளி குறைந்தாலோ முதலில் மறைவன அவையே. ஆகவே 'எங்கள் அல்லூரில் மீனுக்குக் குறைவே இருந்ததில்லை' என்று ஒரு முதியவர் கூறுவாராயின் அவர் பொய் சொல்லவில்லை. விரால் இருந்தது, கெளுத்தி இருந்தது. ஓடை ஏற்கெனவே பாதி இறந்திருந்ததை அவரது சொற்களஞ்சியம் பதிவு செய்யவில்லை. வாய்மொழி வரலாற்றைச் சூழல் வரலாற்றுக்குப் பயன்படுத்துவோர் இந்த ஓட்டையை அறிந்திருத்தல் வேண்டும். இதனை மலாய்க் கம்பத்து முதியவரின் மீன்பட்டியலோடு ஒப்பிடும் ஆய்வு ஒன்று நடைபெறின் பெரும்பயன் விளையும். நம் முதுகலை மாணவர் எவரேனும் இதனை மேற்கொள்ளலாம்.

புதிய மீன்களும் வந்தன. சயாமிலிருந்து கொணரப்பட்ட 'செப்பாட் சியாம்' இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெல்வயல்களில் பரவிற்று. ஆப்பிரிக்காவுக்குரிய திலாப்பியா ஜாவா வழியாக ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942-1945) மலாயாவுக்கு வந்தது. பஞ்சத்தில் வந்த மீனாதலின் அதனை மலாய்க்காரர் 'ஈக்கான் ஜெப்புன்' என்றனர். நம்மவர் ஜப்பான் மீன் என்றனர். சயாம் மரண ரயிலுக்கு ஆண்களை அனுப்பிவிட்டு மரவள்ளியும் அவித்த கீரையும் தின்ற ஒரு தலைமுறைக்கு அம்மீன் பிழைப்பாக அமைந்தது. அண்மைக் காலத்தில் மீன்தொட்டிகளிலிருந்து ஆறுகளுக்குத் தப்பிய தென்னமெரிக்க 'பண்டாராயா' மீனுக்கு இத்தகைய நன்றிக்கடன் எதுவுமில்லை. நகராண்மை மீன் என்று பொருள்படும் இப்பெயரில் ஊராரின் நகைச்சுவை தெரிகிறது. தொட்டியைத் துப்புரவு செய்யும் தொழிலாளி அது. ஆற்றங்கரையைக் குடைந்து முட்டையிடும் அதனைப் பிடித்தொழிக்கச் சிலாங்கூர் ஆறுகளில் தன்னார்வலர் இறங்கியுள்ளனர்.

நஞ்சு

மலாயா ஆறுகளில் நஞ்சிட்டு மீன் பிடித்தல் பழைய வழக்கமாகும். 'தூபா' என்னும் கொடியின் வேரை நசுக்கி நீரில் கரைத்தால் மீன்கள் மயங்கி மிதக்கும். 1930களில் இதே வேர் பூச்சிக்கொல்லியாக உலகச் சந்தையில் விலைபெற்றபோது ரப்பருக்கிடையே ஊடுபயிராகவும் நடப்பட்டது. கம்பத்து மனிதன் ஆண்டுக்கு ஒருமுறை ஓடையில் கரைத்தது குற்றமாகக் கருதப்பட்டது. தோட்டம் அதனையே ஏக்கர் கணக்கில் விளைவித்தது விவசாய முன்னேற்றம் எனப்பட்டது.

அதனினும் கொடியது புல் மருந்து. இளமரங்களுக்கிடையே லாலாங்கை ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்னும் பாடாணக் கலவை நெடுங்காலம் அடிக்கப்பட்டது. மருந்தடித்த புல்லை மேய்ந்த ஆடுமாடுகள் மடிந்த கதை எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. 1960களில் பாராகுவாட் அதன் இடத்தைப் பிடித்தது. மலேசியா 2002இல் அதனைத் தடைசெய்ய முடிவெடுத்தது. 2006இல் அம்முடிவைத் தளர்த்தியது. இறுதியில் 2020 சனவரி முதல் நாள் தடை நடைமுறைக்கு வந்தது. மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தெனாகனித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வறிக்கை அப்பெண்களின் உடல்நிலையை வெளிக்கொணர்ந்தது.

ஈண்டு என் சொந்த நினைவொன்றைச் சான்றாக வைக்கிறேன். 1980களில் இம்மாவட்டத்துத் தோட்டமொன்றில் என் தாயார் மருந்தடிக்கும் வேலை செய்தார். வேலை முடிந்ததும் தோம்பையும் பம்பையும் ஓடையில் கழுவிவிட்டே பெண்கள் வீடு திரும்புவர். கழுவ வேறு இடம் தரப்படவில்லை. ஓடையைக் கடந்து சென்ற தண்ணீர்க் குழாய்க்கு ஒரு சிறு பாலம் இருந்தது. அப்பாலத்துக்குக் கீழே பிடித்த மீன் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. மேலே பிடித்ததா கீழே பிடித்ததா என்று கேட்காமல் அவர் ஒருநாளும் மீனைக் கழுவியதில்லை. மற்ற வீடுகளிலும் இக்கேள்வி இருந்தது. எந்த அதிகாரியும் வரையாத ஓர் எல்லைக்கோட்டை மருந்தடித்த பெண்கள் தம் ஓடையில் வரைந்திருந்தனர். அதனை எழுதிவைக்கவோ எவரிடமும் முறையிடவோ அவர்களுக்கு வாய்ப்பிருந்ததில்லை.

ஆலையும் சட்டமும்

ரப்பர்ப் பாலை உறையவைக்கப் பார்மிக் காடியோ அசெட்டிக் காடியோ சேர்ப்பர். உறைந்த பாலைப் பிழிந்தபின் எஞ்சும் நீர் நேராக ஓடையை அடைந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர் எவருக்கும் அந்நாற்றம் மறக்காது. செம்பனை வந்ததும் இச்சிக்கல் பன்மடங்காயிற்று. 1917இல் சிலாங்கூரின் தென்னமராம் தோட்டத்தில் வணிக அளவில் தொடங்கிய செம்பனைப் பயிர் 1960களுக்குப் பின் ரப்பரின் இடத்தை வேகமாகப் பிடித்தது. ஒரு டன் கச்சா எண்ணெய் எடுக்க ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் வெளியாகும். ஒரு லிட்டர் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் உயிர்வளியின் அளவு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். இக்கழிவு கலந்த ஓடையில் மீன் நஞ்சால் சாவதில்லை, மூச்சுத்திணறிச் சாகிறது. முன்னர்க் கூறிய விராலும் கெளுத்தியும் அங்கும் சில நாள் தாக்குப்பிடிக்கும்.

1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1977இல் கச்சாச் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனித்தனி விதிமுறைகள் வகுக்கப்பட்டன. செம்பனைக் கழிவின் உயிர்வளித் தேவைக்கு 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றிருந்த உச்சவரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1984இல் 100 ஆயிற்று. ஆலைதோறும் கழிவுக் குளங்கள் தோண்டப்பட்டன. இது உண்மையான சாதனை. நம் நாட்டுச் சூழல் வரலாற்றில் ஒரு தொழில் இத்துணைக் குறுகிய காலத்தில் திருத்தப்பட்டதற்கு வேறு எடுத்துக்காட்டு அரிது. ஆயினும் அச்சட்டம் கண்காணித்தது ஆலையின் வாயிலை. கரையிலேயே நட்ட பனைகளையும், உரமும் மருந்தும் வழிந்தோடும் நிரைகளையும் அதன் வரம்பு அளக்கவில்லை.

மீனைப் பொறுத்தவரை சட்டம் இரண்டாகப் பிளந்துள்ளது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி கடல் மீன்பிடிப்பும் கழிமுக மீன்பிடிப்பும் கூட்டரசின் பொறுப்பு. ஆற்று மீன்பிடிப்பு, ஆமைகளோடு சேர்த்து, மாநிலத்தின் பொறுப்பு. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பதைத் தடைசெய்கிறது. 1920இல் கூட்டு மலாய் மாநிலங்களுக்காக எழுந்த நீர்ச்சட்டம் பின்னர் மலாக்காவுக்கும் உரியதாயிற்று. ஆற்றோர நிலத்தை ஒதுக்கீடாக அறிவிக்க 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தொகுப்பு வழிசெய்கிறது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டுதல் ஐந்து மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு ஐந்து மீட்டரும் நாற்பது மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு ஐம்பது மீட்டரும் கரையொதுக்கீடு கேட்கிறது. மீன் ஒருவரிடம், நீர் ஒருவரிடம், கரை ஒருவரிடம், கழிவு ஒருவரிடம். ஓடையில் மீன்கள் செத்து மிதந்தால் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பது கற்றவருக்கே குழப்பந்தருவது.

மலாக்காவுக்கென ஒரு தனித்தன்மையும் உண்டு. நீர் குறைந்த மாநிலம் இது. தம்பின் பக்கமிருந்து வரும் நீர்களைத் திரட்டி அலோர் காஜா வழியாகக் கடலுக்குச் செல்லும் மலாக்கா ஆறே அதன் முதுகெலும்பு. 1991ஆம் ஆண்டு வறட்சியில் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வறண்டது. அப்போது தொடக்கப்பள்ளி மாணவனாயிருந்த எனக்குத் தண்ணீர் லாரிக்குப் பின் வரிசைபிடித்த நாள்கள் நினைவிலுள்ளன. அதன்பின் நீர்ப்பற்றாக்குறையே மாநிலத்தின் ஆற்றுக் கொள்கையை வடிவமைத்தது. தேக்கமும் நீரேற்றமும் தவிர்க்கவியலாதவை. ஆனால் ஓடும் நீர் நிற்கும் நீராகும்போது ஓடைமீன் போய்க் குளத்துமீன் வருகிறது. திலாப்பியா நிறைந்த தேக்கத்தைக் காட்டி மீன்வளம் பெருகிற்று என்று அறிக்கை எழுதவும் முடியும்.

காக்கும் முறைகள்

காப்பதற்கான முன்மாதிரிகள் இல்லாமலில்லை. தேசியப் பூங்காவின் லுபோக் தெனோரிலும், கோலா குபு பாருவை அடுத்த சிலிங் ஆற்றிலும் கெலா மீனுக்குக் காப்பிடங்கள் உள்ளன. இவை காடு எஞ்சியுள்ள மலைப்பகுதிகள். தோட்டப்புறத்துக்கு நேராகப் பொருந்தா. சபாவின் 'தாகல்' முறை நமக்கு நெருக்கமானது. கடசான்டூசுன் மக்கள் தம் ஊர் ஆற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சிவப்புப் பகுதியில் எக்காலத்தும் மீன் பிடியாது, மஞ்சள் பகுதியில் குறித்த காலத்தில் மட்டும் பிடித்து, பச்சைப் பகுதியில் தூண்டிலுக்கு இடங்கொடுத்துக் காக்கின்றனர். 2003ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் இவ்வழக்கத்துக்கு ஏற்புத் தந்தது.

குஞ்சுகளை ஆற்றில் விடுவது மட்டும் போதும் எனக் கருதுவோர் காவிரியின் பாடத்தை நோக்கலாம். கெலாவுக்கு உறவான திமில் மகசீர் காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் மட்டுமே உரியது. மதராஸ் ஆட்சிப்பணியிலிருந்த எச். எஸ். தாமஸ் 1873இல் தூண்டிற்காரர்க்கு எழுதிய நூலால் தென்னிந்திய மகசீர்கள் புகழ்பெற்றன. பின்னாளில் மகசீரைக் காக்கும் நோக்கில் மராட்டியத்தின் லோனாவாலாப் பொரிப்பகத்தில் வளர்த்த வேறோர் இன மகசீரைக் காவிரியில் விட்டனர். வந்த மீன் பெருகிற்று. உள்ளூர் மீன் அருகிற்று. திமில் மகசீரின் அறிவியற்பெயரே 2018இல்தான் உறுதியாயிற்று. அதே ஆண்டில் அது மிக அருகிய இனமாக அறிவிக்கவும் பட்டது. மொயாறு போன்ற சில நீர்களிலேயே இன்று அது எஞ்சியுள்ளது. எந்த மீனைக் காக்கிறோம் என்று அறியாமலேயே நல்லெண்ணத்தோடு செய்த பணி அது.

கருநாடகத்துச் சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறை மீன்களைக் கோயிலின் பெயரால் எவரும் பிடிப்பதில்லை. தமிழகத் தெப்பக்குளங்களிலும் பொரி போடும் கைகளே மிகுதி. நம் தோட்டங்களில் இதற்கு நிகரான இடம் ஒன்றுண்டு. மாரியம்மன் திருவிழாவில் கரகம் பாலிக்கும் ஓடைத்துறை அது. ஆண்டுக்கொரு முறை அத்துறையைப் பெருக்கி, கரையைச் செதுக்கி, நீரில் காலணி படாது காத்தனர். அத்துறையில் ஒருவர் பம்பைக் கழுவியதாக யான் கேள்விப்பட்டதில்லை. குழாய்ப் பாலத்துக்கு மேலேதான் எங்கள் துறையும் இருந்தது. ஓடையில் தூய்மை காக்கப்பட வேண்டிய பகுதி ஒன்றுண்டு என்னும் எண்ணத்துக்கு நம் வழக்கில் வேர் இருந்தது என்பதற்கு இது போதிய சான்று. கரையொதுக்கீட்டைக் கோரும் நிலைத்தன்மைச் சான்றிதழ்கள் இன்று தோட்டங்களைக் கட்டுப்படுத்துகின்றன. 2020 முதல் மலேசியச் செம்பனைச் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கரகத்துறை இருந்த ஓடைப்பகுதிகளை அவ்வொதுக்கீட்டில் முதலில் சேர்க்குமாறு கோயில் நிருவாகங்கள் கேட்கலாம் என்பது என் கருத்து.

இதற்கு ஒரு தடையுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் பயிர் மாற்றப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின் தமிழர் பெரும்பாலும் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். இன்று நிரையில் நிற்பவர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் ஆவர். ஓடையை அறிந்தவர் ஓடையருகில் இல்லை. ஓடையருகில் இருப்பவர்க்கு அது எப்படியிருந்தது எனத் தெரியாது. எந்தத் துறை, எந்த வளைவு, எந்தப் பாலம் என்று காட்டக்கூடிய தலைமுறை எழுபதைக் கடந்துவிட்டது.

எங்கள் தோட்டத்து ஓடையை நில அளவைப் படத்தில் தேடினேன். மெல்லிய நீலக்கோடு ஒன்று மலாக்கா ஆற்றை நோக்கிச் செல்கிறது, பெயர் குறிக்கப்படவில்லை. தோட்டத்தார் அதனை மூன்றாம் நம்பர் அல்லூர் என்றே அழைத்தனர். சென்ற ஆண்டு மாணவர் சிலருடன் அங்குச் சென்றபோது லயங்கள் இல்லை; கோயில் இடம்பெயர்ந்திருந்தது; குழாய்ப் பாலத்தின் இரு கற்றூண்கள் மட்டும் நின்றன. தூண்களுக்குக் கீழே விரால் குஞ்சுகள் கூட்டமாய்ச் சுழன்றன. மேலே, பனைகளுக்கிடையே எவரோ வெட்டாமல் விட்ட மூங்கில் புதரின் நிழலில், விரல் நீளச் செலுவாங் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து நின்றன. மாணவி ஒருத்தி அவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டாள். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். மேலே பிடித்ததா கீழே பிடித்ததா என்று அவர் முதலில் கேட்டார்.